யாரும் போடாத ஏழாவது எக்ஸ்டென்ஷன்

1. அசோக் நகரில் கணவர் வீட்டில் இருந்த ஸ்டெல்லா மிஸ், அந்த வீட்டை விட்டு வெளியேறி மயிலாப்பூரில் தன் அக்கா ரெஜினாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது தி. நகரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை.

2. தன் லேப்டாப்பை யாரோ கவனிப்பதுபோல் தோன்றுகிறது என்று வீட்டுக்கே போய்க் கம்ப்யூட்டர் சரிபார்க்கும் எங்கள் நிறுவனத்தை அழைத்தார். போன எங்கள் ஆள், பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன மென்பொருளான எக்ஸ்டென்ஷனில், பாதுகாப்புக்கென்று ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார்.

3. சந்தேகம் போகவில்லை. மறுபடியும் அழைத்தார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் போனார், வேறு எக்ஸ்டென்ஷன் சேர்ந்தது.

4. பாலவாக்கத்தில் ஒரு பள்ளியில், தங்குமிடத்தோடு சேர்த்து, அவருக்கு வேலை கிடைத்தது. அந்த இடம் கணவருக்குத் தெரியக் கூடாது.

5. சான்றிதழ்களை அந்தப் பள்ளியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கடைசி நாளில், பக்கம் வேலை செய்யவில்லை.

6. நானும், கூட வேலை செய்யும் சதீஷும் போனோம். பிரவுசரில் ஏழு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன.

7. ஆறு, நாங்கள் போட்டவை. ஏழாவதை எங்களில் யாரும் போடவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையிலிருந்து இந்த மாதத்தோடு விலகுகிறேன். இனி அடையாறு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிரிண்டர் ஏன் நிற்கிறது, வைஃபை ஏன் பின் அறைக்கு எட்டவில்லை என்பதெல்லாம் போகப் போக உங்களுக்கே பிடிபட்டுவிடும். வாடிக்கையாளர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். "இத்தனை பாதுகாப்பு வேணுமா, ஒண்ணு போதாதா?" என்பதுதான் அது.

ஸ்டெல்லா மிஸ் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இது உங்கள் கைக்கு வருகிறது. பெயர்களையும் அவர் போய்ச் சேர்ந்த இடத்தையும் மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தபடி.

முதலில் எங்களிடம் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் போட்டுவிட்டு வந்ததை, அடுத்துப் போகிறவர் எடுக்க மாட்டார். இதை யாரும் விதியாக வைத்ததில்லை. எடுத்தால் வாடிக்கையாளர் உடனே, "அப்போ முன்னாடி வந்தவர் தப்பாப் போட்டுட்டாரா?" என்று கேட்பார். கூட வேலை செய்கிறவரை ஒரு வீட்டில் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. எதையும் சேர்க்காமல் திரும்பினாலும் சிக்கல்தான். வந்து ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் முன்பு இருந்ததைத் தொடாமல், தனக்குப் பழக்கமான ஒன்றை மேலே வைத்துவிட்டு வந்தோம். நம் துறையில் இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டெல்லா மிஸ்ஸின் பிரவுசரில் அப்படிச் சேர்ந்தவை இவை. விளம்பரங்களை நிறுத்துவது ஒன்று. அதே வேலையை வேறு பெயரில் செய்வது இன்னொன்று. நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பின்தொடரும் நிரல்களைத் தடுப்பது மூன்றாவது. முதல் இரண்டும் இதைப் பெரும்பாலும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன. பக்கத்தில் உள்ள நிரல் எதுவும் நம் அனுமதி இல்லாமல் ஓடக் கூடாது என்று நிறுத்தி வைப்பது நான்காவது. ஐந்தாவது, தளங்களோடு பாதுகாப்பான இணைப்பை மட்டும் பயன்படுத்தச் செய்வது. அதை இப்போது பிரவுசரே தன் அமைப்புகளில் வைத்திருக்கிறது. ஆறாவது, கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பது. அதைப் போட்டவன் சதீஷ்.

சான்றிதழ்களை ஏற்ற வேண்டிய கடைசி நாள் காலையில் ஸ்டெல்லா மிஸ்ஸே என் எண்ணுக்கு அழைத்தார்.

"வித்யா, பக்கம் வரவே மாட்டேங்குதும்மா. சுத்திக்கிட்டே இருக்கு. காலையிலேர்ந்து திறந்து திறந்து பாக்கறேன். சாயங்காலத்துக்குள்ள அனுப்பலன்னா அடுத்து இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவாங்களாம்."

தொலைவிலிருந்தே பார்த்துச் சரிசெய்யும் மென்பொருளைத் தன் லேப்டாப்பில் போட அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. நேரில் போக வேண்டியிருந்தது. சதீஷ் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இருந்தான். மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த சாலையைச் சுற்றிக்கொண்டு இருவரும் தனித்தனியாகப் போய் ஒரே நேரத்தில் வாசலில் இறங்கினோம்.

ரெஜினா அக்கா வீடு சாந்தோம் பக்கம், கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறிய பழைய வீடு. இருவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போய்விட்டார். அவருக்கு எங்கள் வேலையில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஸ்டெல்லா மிஸ் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சான்றிதழ்களின் அசல்களையும் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருப்பவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சதீஷ் சைதாப்பேட்டைக்காரன். பிரவுசரின் மேல் ஓரத்தில் வரிசையாக நின்ற சின்னங்களைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னா மிஸ், கேட்டாண்ட இத்தினி வாட்ச்மேன் குந்திகினு இருந்தா உள்ள போறவன் எப்டிப் போவான்?"

"எல்லாம் உங்க ஆபீஸ்லேர்ந்து வந்து உக்கார வெச்ச வாட்ச்மேன்தான்பா."

"அதுவும் கரெக்ட்டுதான்."

பக்கம் ஏன் வரவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு தடுப்பான் பக்கத்தின் ஒரு பகுதியை வெட்டியிருந்தது. அந்தப் பகுதி வரும் என்று காத்திருந்த நிரலை இன்னொரு தடுப்பான் நிறுத்தியிருந்தது. எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதைவிட ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது சுலபம். சதீஷ் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து மேலிருந்து வந்தான். ஒவ்வொன்றையும் யார் போட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தான். இது வேலையை விட்டுப் போனவர் போட்டது, இது நீ போட்டது, இது நான் போட்டது.

கடைசியாக ஒன்றில் நின்றான்.

"இன்னா வித்யா, ஸ்கோர்லாம் போட்டுக் குடுத்துகீற? நீ மேட்ச் பாப்பியா?"

அது கிரிக்கெட் ஸ்கோர் காட்டும் எக்ஸ்டென்ஷன். நான் முன்பு வந்தபோதே அதைப் பார்த்திருக்கிறேன்.

"நான் போடல. நீ போட்டதுன்னு நெனச்சேன்."

"எனுக்கு இன்னாத்துக்கு? நான் போன்ல பாத்துக்குவேன்."

அங்கிருந்தே போன் செய்து, வேலையை விட்டுப் போனவர் உட்பட, இந்த வீட்டுக்கு வந்த மற்றவர்களிடமும் கேட்டேன். எல்லோரும் பார்த்திருந்தார்கள். வேறு யாரோ நம் ஆள் போட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நம் ஆள் போட்டதை எடுக்கக் கூடாது. அதனால் யாரும் தொடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"மிஸ், இத நீங்க போட்டீங்களா?"

"இல்லம்மா. எனக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது. அது கிரிக்கெட்டா?" அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "மத்ததுலயெல்லாம் எத்தனை தடுத்துச்சுன்னு நம்பர் வருதில்ல, அது மாதிரி இதுவும் ஏதோ தடுக்குதுன்னு நெனச்சேன். ஒருநாள் நூத்தெழுபதுக்கு மேல போச்சு. அன்னைக்கெல்லாம் பயந்துக்கிட்டே இருந்தேன்."

சதீஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எக்ஸ்டென்ஷன் தானாக முளைக்காது. அது வருவதற்கு மூன்று வழிகள்தான் எனக்குத் தெரியும். வேறு ஏதாவது மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரலாம். அந்த லேப்டாப் முன்னால் யாராவது உட்கார்ந்து போட்டிருக்கலாம். இல்லையென்றால், அதே பிரவுசர் கணக்கில் திறந்திருக்கும் இன்னொரு கணினியில் யாரோ போட்டது இங்கேயும் வந்திருக்கலாம். மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் தள்ளுபடி, கூப்பன் என்று ஏதாவது விற்க வரும். ஸ்கோர் காட்டுவதற்காக யாரும் திருட்டுத்தனமாக நுழைவதில்லை. அது ஒருவர் ஆசைப்பட்டு, தனக்காகப் போட்டுக்கொள்கிற பொருள்.

பிரவுசரின் வலது மூலையில் ஒரு சிறு வட்டம் இருக்கும். எந்தக் கணக்கில் திறந்திருக்கிறது என்பதை அது சொல்லும். நம் கண்ணில் தினமும் படுகிற, நாம் ஒருபோதும் பார்க்காத இடம் அது. அதில் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தது.

"மிஸ், இந்த அக்கவுன்ட் யாரோடது?"

"வீட்டுதும்மா. லேப்டாப் வாங்கினப்ப வின்சென்ட்தான் எல்லாம் போட்டுக் குடுத்தாரு. எல்லாருக்கும் பொது."

வின்சென்ட் என்பது அவர் கணவர்.

"அசோக் நகர் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

"ஹால்ல ஒண்ணு இருக்கு."

"அதுலயும் இதே அக்கவுன்ட்தானா?"

"இருக்கும்."

"அவர் கிரிக்கெட் பாப்பாரா?"

சமையலறையிலிருந்து ரெஜினா அக்காவின் குரல் வந்தது. "அது ஒண்ணுதான் பாப்பாரு."

கணக்கு ஒன்றாக இருந்தால் என்னென்ன பகிரப்படும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். இங்கே திறக்கும் பக்கங்களின் முகவரிகள் அங்கே தெரியும். தேடியது தெரியும். இங்கே சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் அங்கேயும் சேரும். அங்கே சேர்ப்பது இங்கே வரும். வின்சென்ட் எந்தக் கள்ளவேலையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, தன் பிரவுசரைத் திறந்தாலே போதும்.

இதை ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சைதாப்பேட்டை வீடு" என்றார்.

பல மாதங்களுக்கு முன்பு இதே லேப்டாப்பில் வாடகைக்கு வீடு தேடி, சைதாப்பேட்டையில் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தாராம். வெளியே வந்தபோது எதிரே பஸ் நிறுத்தத்தில் வின்சென்ட் நின்றிருந்தார். இந்தப் பக்கம் ஒரு வேலை என்று சொன்னாராம். அந்த வீட்டை ஸ்டெல்லா மிஸ் எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களை முதன்முதலில் அழைத்தது.

"அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்."

"முதல்ல வந்தவர்கிட்ட, நான் எதத் தேடினாலும் அது என்னையே துரத்துதுன்னு சொன்னேன். விளம்பரம்தானே மேடம், நிறுத்திடலாம்னு சொன்னாரு. கம்ப்யூட்டர் பாக்க வந்த பையன உக்கார வெச்சு வீட்டுக்காரரப் பத்திப் பேச முடியுமா?"

எங்கள் தரப்பில் நடந்தது இதுதான். அவர் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். நாங்கள் விளம்பர நிறுவனங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டோம். எங்களுக்குத் தீர்வு தெரிந்திருந்த பிரச்சினை அதுதான்.

சதீஷ் மெதுவாகக் கேட்டான். "அப்போ நம்ம போட்டதெல்லாம்?"

"அங்கயும் போயிருக்கும்."

"சர்தான். அந்தாளுக்கும் சேத்து விளம்பரத்த நிறுத்திக் குடுத்துகீறோம்."

ரெஜினா அக்கா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஆறு பூட்டு போட்டிருக்கீங்க. சாவிய அவர் சட்டைப் பையில வெச்சிருக்கீங்க."

மேசையில் சான்றிதழ்கள் அப்படியே இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

இனி நான் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சதீஷ் சொன்ன யோசனை இது: "மொதல்ல எல்லாத்தியும் ஆஃப் பண்ணி பேப்பர அனுப்பிரலாம். நேரம் போய்க்கினு கீது. அப்பால மத்தது பாத்துக்கலாம்." பெரும்பாலான வீடுகளில் இதுதான் சரியான யோசனை. வாடிக்கையாளரின் அவசரத்தை முதலில் முடித்துவிட்டு நம் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். அவன் கை ஏற்கெனவே மவுஸில் இருந்தது.

"கைய எடு" என்றேன்.

அவன் எடுத்துவிட்டான். ஏன் என்று கேட்கவில்லை. அவனோடு வேலை செய்வதில் எனக்குப் பிடித்தது அது.

தடுப்பான்களை அணைத்தால் பக்கம் திறக்கும். திறந்தால் அந்தப் பள்ளியின் எல்லாப் பக்கங்களும், வேலையை உறுதி செய்யும் பக்கம் உட்பட, அசோக் நகர் ஹாலில் வரிசையாக வந்து நிற்கும். வேலை கிடைக்கும், அதே நிமிடம் அந்த வேலையால் கிடைக்கவிருந்த பயன் போய்விடும். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுச் செய்யலாம். ஆனால் வின்சென்ட் தன் கையால் தயார் செய்து கொடுத்த லேப்டாப் அது. அதில் வேறு என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்டெல்லா மிஸ்ஸின் போனையும் நான் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை நம்பி அன்று அந்தக் காரியத்தைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

"அக்கா, உங்க போன் வேணும்" என்று ரெஜினா அக்காவிடம் கேட்டேன்.

"அது மூலையில உடைஞ்சிருக்கு."

"பரவாயில்ல."

சான்றிதழ்களை அந்தப் போனிலேயே புதிதாகப் படம் எடுத்தோம். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, சதீஷ் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்டெல்லா மிஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ரெஜினா அக்காவின் மொபைல் இணைப்பில், எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத அந்தப் போனில், பள்ளியின் பக்கம் ஒரே தடவையில் திறந்தது. கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இரண்டைத் திருப்பி அனுப்பியது. சுருக்கி மறுபடி ஏற்றினோம். பெற்றுக்கொண்டோம் என்ற செய்தி வந்தது. ஸ்டெல்லா மிஸ் அதை இரண்டு முறை படித்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் ரெஜினா அக்கா.

"இது முடிஞ்சுது" என்றேன்.

முடியாதது ஒன்று இருந்தது. காலையிலிருந்து அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருந்தார். பக்கம் சரியாக வரவில்லையே தவிர, முகவரி பதிவாகியிருந்தது. முகவரியில் பள்ளியின் பெயர் இருந்தது. அதற்கு முன்பு அந்தப் பெயர் அந்த லேப்டாப்பில் வந்ததே இல்லை. வேலை ஒரு தோழி மூலம் தெரிந்தது, நேர்காணல் நேரில் நடந்தது.

"அவர் பாத்திருப்பாரா?" என்று ஸ்டெல்லா மிஸ் கேட்டார்.

"தெரியாது மிஸ். தெரிஞ்சுக்க வழியும் இல்ல."

"சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாரு."

"போன்லயும் அதே அக்கவுன்ட் இருந்தா வீட்டுக்கு வர வேண்டியதில்ல."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சதீஷ் பிறகு சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்து அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பாதி தகவலோடு எடுக்கும் முடிவுக்கு நான் பொறுப்பேற்க முடியாது, அவரும் ஏற்கக் கூடாது.

அவர் முன்னால் மூன்று வழிகளை வைத்தேன். ஒன்று, இப்போதே கணக்கிலிருந்து வெளியேறிவிடலாம். இனிமேல் எதுவும் போகாது. ஆனால் திடீரென்று எல்லாம் நின்றதை வின்சென்ட் கவனிப்பார், உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். இரண்டு, பார்த்த பக்கங்களின் பதிவு முழுவதையும் அழித்துவிடலாம். அங்கேயும் அழியும். ஆனால் அவர் உங்களைக் கவனித்தார் என்பதற்கு இருக்கும் ஒரே தடயமும் அதோடு அழியும். வக்கீலுக்கு அது தேவைப்படலாம். மூன்று, அந்தப் பள்ளியின் முகவரிகளை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை இருந்தபடி விடலாம். அவர் இன்னும் பார்க்கவில்லை என்றால் இனிப் பார்க்க முடியாது. பார்த்துவிட்டார் என்றால் எந்த வழியிலும் பயன் இல்லை.

"நீ என்ன பண்ணுவ?" என்றார்.

"உங்க வீட்டுக்காரர உங்களுக்குத்தான் தெரியும் மிஸ். எது நின்னா கவனிப்பாரு, எத விட்டுடுவாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் யோசித்தார். கணக்கு ஆசிரியை; ஒவ்வொரு வழியையும் கடைசி வரை போட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அந்த ஸ்கூல மட்டும் எடுத்துடு. மத்தது இருக்கட்டும். அவர் பாக்கறாரு இல்ல, பாக்கட்டும். நான் தினம் மீன் குழம்பு எப்படி வெக்கறதுன்னு தேடறேன். தி. நகர்ல ஜாக்கெட் தைக்கற கடை தேடறேன். நான் இங்கயேதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

ரெஜினா அக்கா, "உனக்கு மீன் குழம்பு வெக்கத் தெரியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அது நம்பற மாதிரிதான் இருக்கும்" என்றார்.

அன்று ஸ்டெல்லா மிஸ் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அழிப்பதற்கு முன்பு திரையைப் படம் எடுத்துக்கொண்டோம்: கணக்கின் பெயர், அதில் இணைந்திருந்த கருவிகள், கிரிக்கெட் எக்ஸ்டென்ஷன், எல்லாம். படங்கள் ரெஜினா அக்காவின் போனில்தான் இருந்தன. நாங்கள் பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பள்ளியின் முகவரிகளை மட்டும் நீக்கினேன்.

அடுத்து மின்னஞ்சல். வேலை கிடைத்த கடிதம் அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்திருந்தது. அதன் கடவுச்சொல்லைப் பிரவுசரில் சேமித்திருந்தால், அதுவும் அசோக் நகருக்குப் போயிருக்கும். பார்த்தேன். சேமித்திருக்கவில்லை. சதீஷ் போட்ட ஆறாவது எக்ஸ்டென்ஷன், கடவுச்சொற்களைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் சொல் ஸ்டெல்லா மிஸ்ஸின் மனதில் மட்டும் இருந்தது. எக்ஸ்டென்ஷன் அங்கேயும் போயிருக்கும், உள்ளே இருப்பது திறந்திருக்காது. மின்னஞ்சலில் அந்நியக் கருவி எதுவும் நுழைந்த தடமும் இல்லை. ஆனாலும் ரெஜினா அக்காவின் போனிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றச் சொன்னோம்.

"பாத்துக்கோ" என்றான் சதீஷ். "ஆறுல ஒருத்தன் ஒயுங்கா வேல பாத்துகினு இருந்துகீறான். அது யாரு வெச்ச ஆளு?"

"சரி, நீ வெச்ச ஆளுதான்."

"ஆபீஸ்ல சொல்லு."

சொன்னேன். இப்போது எழுத்திலும் சொல்லிவிட்டேன்.

லேப்டாப்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மாலை வரை தேடினோம். எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் இல்லை என்று நான் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் சொல்லவில்லை, கிடைக்கவில்லை என்றுதான் சொன்னேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒருபோதும் குறைக்காதீர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பல எக்ஸ்டென்ஷன்கள் வீணா? பெரும்பாலும் ஆமாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு தடுப்பான்கள் இருமடங்கு பாதுகாப்பு தருவதில்லை. ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும், யார் வாரியது என்று தெரியாமல் வாடிக்கையாளர் தவிப்பார். பிரவுசரே செய்கிற வேலைக்குத் தனியாக ஆள் வைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. இன்று அதை நடத்துகிறவர் நல்லவராக இருக்கலாம். நாளை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டால், அனுமதி அப்படியே அவர் கைக்குப் போகும். அதனால் எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது.

ஆனால் இந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு நான் அன்று போயிருந்தால், மூன்றையோ நான்கையோ எடுத்துவிட்டு, பக்கம் திறப்பதைக் காட்டிவிட்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு திரும்பியிருப்பேன். ஸ்டெல்லா மிஸ்ஸின் புது முகவரியும் அன்றே அசோக் நகருக்குப் போயிருக்கும்.

எத்தனை வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. யாருக்குத் தெரியக் கூடாது என்பது முதல் கேள்வி. விளம்பர நிறுவனத்துக்கா, அலுவலகத்துக்கா, ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கா? பதில் மாறினால் மருந்தும் மாறும். இதை நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் இப்போது இப்படிக் கேட்கிறேன்: "இந்தக் கம்ப்யூட்டர முதல்ல யார் தயார் பண்ணிக் குடுத்தாங்க?" இதற்குப் பதில் சொல்ல யாரும் தயங்குவதில்லை. அதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், ஆனால் மூலையில் இருக்கும் அந்த வட்டத்தைப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள்.

முன்பு போனவர் போட்டதை எடுக்கக் கூடாது என்ற பழக்கத்தை எங்கள் அலுவலகத்தில் விட்டுவிட்டோம். இப்போது ஒவ்வொன்றையும் யார் போட்டது என்று கேட்கிறோம். நம் ஆள் போட்டது தேவையில்லை என்றால், போட்டவருக்கு ஒரு போன் செய்துவிட்டு எடுத்துவிடுகிறோம். ஆரம்பத்தில் சிலருக்கு முகம் சுருங்கியது. இப்போது பழகிவிட்டது. யாரும் போடவில்லை என்று தெரிய வந்தால், அதை அங்கேயே எடுத்துவிடுவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை அந்த வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

இப்போதைய நிலை இது.

ஸ்டெல்லா மிஸ் பாலவாக்கத்தில் வேலை பார்க்கிறார், அங்கேயே தங்கியிருக்கிறார். வின்சென்ட் இதுவரை அங்கே வரவில்லை. அன்று காலை அந்தப் பள்ளியின் பெயரை அவர் பார்த்தாரா என்பது தெரியாது. கணவரோடு வழக்கு நடக்கிறது. திரையின் படங்கள் வக்கீலிடம் இருக்கின்றன.

பாலவாக்கத்தில் அவருக்கு வேறு லேப்டாப் இருக்கிறது. அதில் அவருடைய சொந்தக் கணக்கு, இரண்டு எக்ஸ்டென்ஷன்கள்: ஒரு விளம்பரத் தடுப்பான், கடவுச்சொல் பூட்டு. இரண்டையும் அவரே தேர்ந்தெடுத்து, அவரே போட்டார்.

பழைய லேப்டாப் சாந்தோம் வீட்டிலேயே இருக்கிறது, வழக்கு முடியும்வரை. ரெஜினா அக்கா அதில் மீன் குழம்பும் தையல் கடையும் தேடுகிறார். கிரிக்கெட் எக்ஸ்டென்ஷனை எடுக்கவில்லை. இங்கே எடுத்தால் அங்கேயும் மறைந்துவிடும், வின்சென்ட் கவனித்துவிடுவார்.